எண்டர் விசையில் ஒரு பொட்டு

நவம்பர் 4, செவ்வாய்

கடைச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு தாள் எழுதும் பொறுப்பை அப்பா இன்று என்னிடம் கொடுத்தார்.

எங்கள் கடை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரவுசிங், கம்ப்யூட்டர் ரிப்பேர், புது மென்பொருள் ஏற்றித் தருவது, எல்லாம் அப்பா ஒருவரே. காத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இன்ஸ்டால் என்றால் என்ன, டவுன்லோடு என்றால் அதுதானே, அப்டேட் கேட்கிறதே கொடுக்கலாமா. அப்பா இத்தனை நாளும் சலிக்காமல் பதில் சொல்லிவந்தார்.

"நீதான் புஸ்தகம் புஸ்தகமாப் படிக்கியே. குடைக்கடை செய்யது மாமாவுக்குப் புரியித மாதிரி எழுது. அவருக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்றார்.

செய்யது மாமா அப்போது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். "ஊர்லயே மடையன் நாந்தான்னு சுவத்துல ஒட்டப்போறீரு. ஒட்டும் ஒட்டும்" என்றார்.

நான் எழுதிய முதல் பத்தி:

"கிரைண்டர் வாங்குகிறோம். ஆட்டோவில் வீட்டுக்கு வருகிறது. அதுவரை நடந்தது டவுன்லோடு. வாசலில் அட்டைப்பெட்டியோடு நிற்கும் கிரைண்டரில் மாவு அரைக்க முடியாது. பெட்டியைப் பிரித்து, அடுப்படியில் இடம் பார்த்து, பிளக் எட்டுகிறதா என்று பார்த்து, கல்லைத் தூக்கிப் பொருத்துகிறோமே, அதுதான் இன்ஸ்டால். அதைச் செய்துகொடுக்கக் கூடவே வரும் ஆள்தான் செட்டப்."

"எங்க வீட்டு அடுப்படியில இடமே இல்லையே, அதுக்கு?" என்றார் செய்யது மாமா.

"இடம் போதாதுன்னு கம்ப்யூட்டரே சொல்லிரும் மாமா."

"அப்ப அது எம் பொண்டாட்டி மாதிரிதான்."

என் பெயரை எழுத மறந்துவிட்டேன். உலகம்மாள், ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். அப்பா "உலகு" என்று கூப்பிடும்போது மட்டும் ஆறு, மலை, மேகம் எல்லாம் அதற்குள் இருப்பதுபோலத் தோன்றும்.

நவம்பர் 6, வியாழன்

அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை தானாகக் காலியாகிக்கொண்டு வந்தது. "ஏட்டி, ஸ்கூலுக்குக் கொண்டுபோயி பிள்ளைகளுக்குக் கொடுக்கியா?" என்று அம்மா என்னைத்தான் கேட்டாள். இன்று கடையில் கீபோர்டைத் துடைக்கும்போது திருடனைப் பிடித்துவிட்டேன். எண்டர் விசையில் பெரிய மெரூன் பொட்டு. டிலீட் விசையில் இரண்டு சின்னப் பொட்டுகள், பக்கத்தில் பக்கத்தில். இன்னும் சில விசைகளிலும் கடுகளவில் உண்டு.

"கம்ப்யூட்டருக்குக் கல்யாணமாப்பா?"

"புது கீபோர்டுலா. கண்ணு பட்டுரக் கூடாது" என்றார்.

கண் படாமல் இருக்கக் கறுப்புப் பொட்டுதான் வைப்பார்கள். ஆனால் அம்மாவின் அட்டையில் கறுப்பு இல்லை, அதனால் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். விரல் தானாக எண்டரில் போய் நின்றது. இருட்டில் நம் வீட்டு வாசற்படியைக் கால் கண்டுபிடிப்பதுபோல இருந்தது.

கடை திறக்கும்போது, "மலை தெரியுதா உலகு?" என்று அப்பா கேட்டார். மலை தெளிவாகத் தெரிந்தால் அன்று மழை தள்ளிப்போகும், குடை வேண்டாம். முன்பெல்லாம் அவர்தான் பார்த்துச் சொல்வார். இப்போது அந்த வேலையும் எனக்கு வந்துவிட்டது.

இன்று மலை இல்லை. இருந்த இடத்தில் பால் நிறத்தில் வானம் மட்டும்.

நவம்பர் 8, சனி

விடுமுறை. நாள் முழுதும் கடையில் இருந்தேன். புது பிரிண்டர் ஒன்றுக்கு அப்பா டிரைவர் ஏற்றினார். திரையில் வருவதை நான் படித்துச் சொல்ல வேண்டும், அவர் விசையைத் தட்டுவார். இப்படித்தான் இப்போது வேலை செய்கிறோம். "உன் குரல் ரேடியோவுல வாசிக்கிற மாதிரி இருக்கு உலகு. நான் பாக்கதைவிட நீ படிச்சா வேகமா முடியுது" என்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது.

டிரைவர் பற்றி எழுதியது: "பிரிண்டருக்கு ஒரு மொழி, கம்ப்யூட்டருக்கு வேறு மொழி. இரண்டுக்கும் நடுவில் நின்று, இவர் சொன்னதை அவரிடம் சொல்லும் சிறிய மென்பொருள்தான் டிரைவர். அது இல்லாவிட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாது."

சாப்பாடு கொண்டுவந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "கல்யாணத் தரகர்னு எழுதிட்டுப் போயேண்டி" என்றாள். அப்பா சிரித்தார். "தரகர் வந்தாத்தான் பேசுவாங்கன்னு இல்லையே பகவதி. நாம பேசலையா?" அம்மா சாப்பாட்டுத் தூக்கை டக்கென்று வைத்துவிட்டு ரசத்தை ஊற்றினாள். அவள் முகம் சிவந்ததை நான்தான் பார்த்தேன். அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யவில்லை.

மாலையில் தாளை அப்பாவிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எழுத்து வரிசையா, அழகா இருக்கு" என்றார். திரும்பி வாங்கும்போதுதான் கவனித்தேன், எழுதாத பக்கத்தை அவர் பக்கமாகக் கொடுத்திருக்கிறேன். என் பேனா மை பின்பக்கம் வரை ஊறும். அதை வைத்தே படித்திருப்பார்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. "ரீஸ்டார்ட்" பற்றி எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

நவம்பர் 12, புதன்

அப்பாவும் அம்மாவும் விடியற்காலை மதுரைக்குப் போனார்கள். ஜவுளி எடுக்க என்றார்கள். மாலையில் ஜவுளி இல்லாமல் வந்தார்கள். அப்பாவின் கண்மணி இரண்டும் பூனையின் கண்போல அகன்று கறுத்திருந்தன. பஸ்ஸில் வெயில் கூசியதாம். இன்று மதுரைப் பக்கம் வெயிலே இல்லை என்று செய்தியில் சொன்னார்கள்.

"ஜவுளி பிடிக்கலையாம்மா?"

"விலை சரியில்ல" என்று அம்மா அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கழுவ அவ்வளவு பாத்திரம் இல்லை.

ரீஸ்டார்ட் பற்றி எழுதிவிட்டேன்: "புதிதாக ஒன்று ஏற்றியதும் கம்ப்யூட்டர் ஒரு முறை தூங்கி எழ வேண்டும். எழும்போதுதான் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அது முதலிலிருந்து பார்க்கும். புதிதாக வந்ததையும் அப்போதுதான் தன்னுடையது என்று சேர்த்துக்கொள்ளும்."

நவம்பர் 15, சனி

செய்யது மாமாவின் கடைக் கம்ப்யூட்டரில் பில் மென்பொருளின் புது வெர்ஷன் போட வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை வருவதாக அப்பா சொன்னார். "உலகு, நீயும் வா" என்றார். அன்றைக்குப் பள்ளியில் கட்டுரைப் போட்டி இருக்கிறது. அதைச் சொன்னேன். "அப்ப சரி, நானே போய்க்கிடுதேன். இருபது தடவை போட்டதுதானே, விரலுக்கே தெரியும்" என்றார்.

பிறகு எனக்குப் பிடித்த இரண்டு விதிகளைச் சொன்னார். இரண்டையும் தாளில் சேர்த்திருக்கிறேன்.

ஒன்று, பேக்கப். எதை ஏற்றுவதற்கு முன்பும் இருப்பதற்கு ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். அப்பா பென்டிரைவில் நகல் எடுக்காமல் எந்தக் கம்ப்யூட்டரையும் தொடமாட்டார்.

இரண்டு, "ஐ அக்ரீ." எந்த மென்பொருளும் உள்ளே வருமுன் ஒரு நீளமான ஒப்பந்தத்தைக் காட்டும். "என் நிபந்தனைகள் இவை, சம்மதமா?" என்று கேட்கும். அந்த இடம் வந்ததும் அப்பா எழுந்துவிடுவார். கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் விரலால்தான் அதை அழுத்தவைப்பார். இந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் இப்படிச் செய்வதில்லை.

"நிக்காஹ்ல பொண்ணுகிட்ட சம்மதம் கேக்க மாதிரில்லா இருக்கு" என்றார் செய்யது மாமா. "பொண்ணுக்குப் பதிலா அத்தைக்காரி தலையாட்டுனா செல்லாது."

"அதேதான் பாய். அடுத்தவங்களுக்காக நாம சரின்னு சொல்லக் கூடாது" என்றார் அப்பா.

திரையில் ஏதோ ஒரு மென்பொருள் ஏறிக்கொண்டிருந்தது; எவ்வளவு ஏறியது என்று காட்டும் பச்சைக்கோடு நிரம்பிக்கொண்டிருந்தது. வெளியே தாழ்வாரத்திலிருந்து மழைநீர் நூல் நூலாக இறங்கியது. அந்தப் பச்சைக்கோடு நிரம்பும்போது கடையில் யாரும் பேசுவதில்லை. எல்லாரும் சேர்ந்து எதற்கோ காத்திருப்பதுபோல இருக்கும். அது நிரம்பவே வேண்டாம் என்று இன்று எனக்குத் தோன்றியது.

நவம்பர் 18, செவ்வாய்

கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. சொல்ல ஓடிவந்தபோது கடை பூட்டியிருந்தது.

வீட்டு வாசலில் செய்யது மாமா தன் பெரிய குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அப்பாவை அவர்தான் கைபிடித்துக் கூட்டிவந்தாராம். நடந்ததை அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். புது வெர்ஷனில் ஒரு கேள்வி வருகிறது: பழைய பதிவுகளை வைத்துக்கொள்வதா, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா. முந்தைய வெர்ஷனில் "வைத்துக்கொள்" மேலே இருந்தது. புதியதில் "அழி" மேலே வந்துவிட்டது. அப்பா விரலின் பழக்கத்தில் எண்டரைத் தட்டியிருக்கிறார். மறுபடி உறுதி கேட்டதற்கும் தட்டியிருக்கிறார்.

"திரையில பெருசா செவப்புல எழுதியிருந்துச்சு தங்கச்சி" என்றார் செய்யது மாமா. "எனக்கே தெரிஞ்சுது. அண்ணாச்சிக்குத் தெரியல. பொறவு சரி பண்ணுதேன்னு கைய வச்சுத் தடவிக்கிட்டே இருந்தாரு. எனக்குப் பொறுக்கல."

மழைக்காலத்தில் ரிப்பேருக்கு வந்த குடைகளின் டோக்கன் எல்லாம் அதில்தான் இருந்தன. எந்தக் குடை யாருடையது என்று இனி யாருக்கும் தெரியாது.

பரிசைப் பற்றி நான் சொல்லவில்லை. அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

நவம்பர் 19, புதன்

பள்ளிக்குப் போகுமுன் அப்பாவிடம் போய், "நகல் எடுத்தீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

சுவரைப் பார்த்தே சொன்னார். "சட்டைப் பையில ரெண்டு பென்டிரைவ் இருக்கும். பொட்டு ஒட்டுனது பாயோடது."

இருந்தது. சின்ன மெரூன் பொட்டு. நான் அதைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளமாகப் பார்த்தேன். அப்பா அதை எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே குடைக்கடைக்கு ஓடினேன்.

கடை வாசலில் கூட்டம். உள்ளே கறுப்புக் குடைகள் மலைபோலக் குவிந்திருந்தன. எல்லாம் ஒரே மாதிரி.

"எங் குடைக்குக் கைப்பிடி வளைஞ்சிருக்கும்."

"எல்லாக் குடைக்கும் கைப்பிடி வளைஞ்சுதான் இருக்கும் ஓய்!"

"விரிச்சுப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

"எல்லாத்தையும் விரிச்சா நாம எங்கன நிக்க?"

பென்டிரைவைச் செருகி, "ரீஸ்டோர்" என்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். பேக்கப் என்பது எடுத்துவைப்பது, ரீஸ்டோர் என்பது எடுத்துவைத்ததை மறுபடி அதன் இடத்தில் கொண்டுவந்து வைப்பது. கோடு நிரம்பியது. பெயர்கள் மழைக்குப்பின் எறும்புகள் வருவதுபோல வரிசையாக வந்தன. நான் டோக்கனைப் படிக்க, செய்யது மாமா குடையை எடுத்துக்கொடுக்க, ஒவ்வொருவராக விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்கள். தெரு முழுக்கக் கறுப்புப் பூ மிதப்பதுபோல இருந்தது.

"அண்ணாச்சிகிட்ட சொல்லு, ஒண்ணும் போகலன்னு" என்றார் செய்யது மாமா.

சொன்னேன். "ம்" என்றார் அப்பா.

நவம்பர் 20, வியாழன்

கடை திறக்கவில்லை. மலை தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்தது.

நவம்பர் 22, சனி

செய்யது மாமாவுக்குச் சொல்லியனுப்பச் சொன்னார் அப்பா. கடை அறையை மாதக் கடைசியில் அவரே எடுத்துக்கொள்ளலாம், குடைகள் வைக்க இடமில்லாமல் கஷ்டப்படுகிறார் என்றார். கம்ப்யூட்டரை விற்றுவிடலாமாம்.

"பொறவு நீங்க என்ன செய்வீங்க?" என்றாள் அம்மா.

"என்ன செய்ய? இருப்பேன்."

"சும்மாவா?"

"இன்னைக்குக் குடை போச்சு, கிடைச்சுட்டு. நாளைக்கு ஒருத்தனோட பரீட்சை அப்ளிகேஷன்ல தப்புன்னா? உலகு எத்தனை நாளைக்கு ஸ்கூலை விட்டுட்டு எனக்குப் படிச்சுச் சொல்லுவா?"

நான் எவ்வளவு நாளும் சொல்வேன் என்றேன்.

அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் ஜவுளி எடுக்கவில்லை என்றாள். எனக்குத் தெரியும் என்று சொல்லாமல் இருந்தேன். "நாங்க போன கண்ணாஸ்பத்திரியில டோக்கன் கொடுக்க எடத்துல ஒரு பிள்ளை இருந்தா. சுத்தமாப் பார்வை கிடையாது. ஆனா படபடன்னு டைப் அடிச்சா. கம்ப்யூட்டர் அவகிட்ட பேசுச்சுட்டி. எந்த எடத்துல இருக்கா, என்ன எழுதியிருக்கு, எல்லாம் சொல்லுச்சு. உங்கப்பாட்ட, இது என்னன்னு கேளுங்கன்னேன். எனக்கெதுக்குன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு."

"அது பேரு என்னம்மா?"

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? நீதானே சுவத்துல ஒட்டுறவ."

நவம்பர் 24, திங்கள்

பள்ளிக் கம்ப்யூட்டரில் தேடினேன். திரை வாசிப்பான் என்று ஒன்று இருக்கிறது. இலவசம். தமிழ்க் குரலும் வேண்டும் என்று சொன்னால் அதையும் சேர்த்து ஏற்றுமாம்.

நவம்பர் 25, செவ்வாய்

மழைக்காகப் பள்ளி விடுமுறை. அம்மாவும் நானும் அப்பாவிடம் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனோம். கடை ஒரு வாரத்திலேயே பழைய வீட்டின் வாசனைக்கு வந்துவிட்டது. திரை எழுந்தது. நீல வெளிச்சம் அம்மாவின் மூக்குத்தியில் பட்டது.

"இது என்ன கேக்குது?"

"எங்க வைக்கட்டும்னு கேக்குதும்மா. அதுவே ஒரு எடம் சொல்லும். வேற எடம் வேணும்னா நாம மாத்தலாம்."

"அதுவே சொல்லுத எடத்துல இருக்கட்டும். அதுக்குத் தெரியும்லா?"

"நெக்ஸ்ட்" கொடுத்தேன். "இது?"

"தமிழ்க் குரலும் வேணுமான்னு கேக்குது."

"தமிழ் இல்லாம? வேணும்னு சொல்லு, வேணும்னு சொல்லு."

அடுத்த பக்கம் வந்தது. நீளமான எழுத்து. கீழே "ஐ அக்ரீ." என் விரல் பொட்டின்மேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

"என்னட்டி நின்னுட்ட?"

"இதை நாம அமுக்கக் கூடாதும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அப்பா வந்தபோது கரண்டு போய்விட்டது. யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்தத் தொடங்கியது. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். அம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் சட்டை தோளில் நனைந்திருந்தது.

"பாதியில நிக்குதுன்னு உங்கம்மா சொன்னா. என்னது ஏத்துத?" என்றார்.

"திரை வாசிப்பான்" என்றேன்.

அப்பா எழுந்திருக்கப் போனார். அம்மா அவர் தோளில் இருந்த ஈரத்தைத் தலைப்பால் துடைத்தாள்.

"எனக்கு இன்னும் தெரியுது பகவதி. வெளிச்சம் தெரியுது. நீ அங்கன நிக்கது தெரியுது."

"தெரியட்டும்ங்க. தெரியக் கூடாதுன்னா சொன்னேன்?"

யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. "எப்பா, சீக்கிரம். அணைஞ்சிரும்" என்றேன்.

"அணைஞ்சா மறுபடி போட்டுக்கலாம். என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படி" என்றார்.

படித்தேன். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியையும் படித்து, எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். இதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம். குறை எதுவும் இருக்காது என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. இருப்பது இருக்கிறபடியே தரப்படுகிறது.

"அந்தக் கடைசி வரியை இன்னொருக்கா படி."

"இருப்பது இருக்கிறபடியே தரப்படுகிறது."

அப்பாவின் விரல் கீபோர்டின் ஓரத்திலிருந்து மெதுவாக நகர்ந்து வந்தது. பொட்டின்மேல் நின்றது. வெளியே தாழ்வாரத்து நீர் சொட்டும் சத்தம். அழுத்தினார்.

கோடு நிரம்பியது. இந்த முறை எனக்கு அது சீக்கிரம் நிரம்ப வேண்டும்போல இருந்தது. பிறகு, மூக்கடைத்த ஒருவர் தூக்கத்தில் பேசுவதுபோல ஒரு குரல், கால்புள்ளியே இல்லாமல், திரையில் இருந்த கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. நான் தட்டச்சு செய்து வைத்திருந்த சுவர்த் தாளை அப்பா தானே திறந்தார். "கிரைண்டர் வாங்குகிறோம் ஆட்டோவில் வீட்டுக்கு வருகிறது" என்றது.

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கிரைண்டர் வேற எழுதியிருக்கியா உலகு!"

அதை நான்காம் தேதியே அவரிடம் படித்துக் காட்டினேன். அப்போது அவர் காதில் விழவில்லையோ, வேறு ஏதோ யோசனையில் இருந்தாரோ. சிரிப்பு நிற்பதற்குள் யு.பி.எஸ். அணைந்துவிட்டது. இருட்டில் அவர் சொன்னார்: "நீ வாசிச்சதுதான் நல்லா இருந்துச்சு. ஆனா நீ ஸ்கூலுக்குப் போகணும்லா."

நவம்பர் 26, புதன்

கட்டுரைப் போட்டிப் பரிசை அப்பாவிடம் சொன்னேன். கட்டுரையைக் கேட்டார். நானே வாசித்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

கடை திறந்து சில நாட்கள் ஆகிவிட்டன. அந்தக் குரலின் வேகத்தை அப்பா கூட்டிக்கொண்டே போகிறார். இப்போது அது பேசுவது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரிவதில்லை. கொதிக்கும் சோற்றுப்பானை மூடி அடித்துக்கொள்வதுபோலக் கேட்கிறது. "யாருய்யா அந்தப் பொம்பள, மூச்சே விடமாட்டேங்காளே" என்று செய்யது மாமா தினமும் கேட்கிறார். குடைகளை வைக்க அவர் வேறு இடம் பார்த்துவிட்டார். அவர் கம்ப்யூட்டரிலும் ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறார். எதற்கு என்றால், அழகுக்காம்.

அப்பாவுக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதை நான் இன்றுதான் எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வரும்போது மேகம் இறங்கித் தெருவே புகைபோல இருந்தது. கடைக்குள் விளக்கு போடவில்லை. கடைசியாக எழுதிய "ஐ அக்ரீ" பத்தியோடு என் தாள் சுவரில் ஒட்டியிருந்தது. உள்ளே விசைகள் படபடவென்று அடிக்கும் சத்தமும் அந்தக் குரலும் மட்டும். ஒரு அக்காவின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை அப்பா நிரப்பிக்கொண்டிருந்தார். அந்த அக்கா கொஞ்சம் பயத்தோடு திரையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று நானும் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது.

"எப்பா, மானிட்டர் ஆஃப்ல இருக்கு."

"தெரியும்" என்றார் அப்பா, விரலை நிறுத்தாமல். "கரண்டு மிச்சம்."